விடத் தெரியாத கைகள்

குளியலறைச் சாமான் விற்கும் கடையின் கிடங்கில் அவர் சுமை இறக்குகிறார். கை கழுவும் பீங்கான் தொட்டிகளை லாரியிலிருந்து இறக்கி அடுக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட உடைத்ததில்லை என்பதால் கிடங்கில் அவருக்குப் பெயரே பீங்கான். அது பாராட்டா கேலியா என்று அவர் விசாரித்ததில்லை.

வேலை முடிந்ததும் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் தகரக்கூரைக் கூடத்தில் பளு தூக்குவார். தரையில் கிடக்கும் கம்பியை ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்னாட்ச். மேலே போய் நிற்கும் அந்த நொடியில் எடையே தெரியாது. நாள் முழுக்க வேறெதிலும் அவருக்கு அது கிடைப்பதில்லை.

பயிற்சி கொடுப்பவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. "கையால இழுக்காதீங்க மாமா. காலால தரையைத் தள்ளுங்க. இடுப்பு நிமிர்ந்த பிறகுதான் கைக்கு வேலை" என்பான். அதெல்லாம் மெல்ல மெல்லப் படிந்துவிட்டது. படியாதது ஒன்றுதான். கம்பி பின்னால் சாய்ந்தால் கையை விட்டுவிட்டு முன்னால் தாவ வேண்டும். கம்பியின் இரு முனையிலும் மாட்டிய எடைத் தட்டுகள் ரப்பர், விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அவர் கை கம்பியோடு சேர்ந்து பின்னால் போகும். போன மழைக்காலத்தில் அப்படித்தான் தோள் பிசகி வீட்டில் கிடந்தார். முதலாளியிடம் கெஞ்சித்தான் வேலை திரும்பக் கிடைத்தது. இன்னொரு தடவை பிசகினால் அதுவும் போய்விடும்.

"அக்கா கண்டிப்பா சொல்லிட்டா. இன்னிக்கு நீங்க கம்பியைக் கீழ போடணும். இல்லன்னா இதோட கடையைக் கட்டிக்கலாம்."

"நான் தூக்கத்தானே வர்றேன்?"

"போடத் தெரியாதவரைத் தூக்க விடமாட்டேன் மாமா."

குறைந்த எடைதான். வேண்டுமென்றே கம்பியைப் பின்னால் சாயவிட்டார். விரல் திறக்கவில்லை. உடம்பை வளைத்து அதை மீட்டு, பதமாகத் தரையில் இறக்கினார்.

"குழந்தையைத் தூங்க வைக்கிறீங்களா?"

கூடத்தில் சிரித்தார்கள். மறுபடியும் தூக்கினார், அதே கதைதான். இந்தத் தடவை தோள் சுருக்கென்றது. மச்சான் கேலியை நிறுத்திவிட்டுத் தட்டைக் கழற்றக் குனிந்தான்.

"போதும் மாமா. வீட்டுக்குப் போங்க."

"இரு மச்சான். இன்னொண்ணு."

கால் தள்ளியது, இடுப்பு நிமிர்ந்தது, கம்பி மேலே போய்ப் பின்னால் சாய்ந்தது. எதையாவது பிடித்துக்கொண்டே இருப்பதில் அவருக்கு ஒரு சலிப்பு வந்தது. விரல்களைத் திறந்தது தைரியம் இல்லை, அந்தச் சலிப்புதான். முன்னால் தாவினார். பின்னால் கம்பி தொம்மென்று விழுந்து, எகிறி, உருண்டது.

அவர் திரும்பித் தரையைக் கூர்ந்து பார்த்தார்.

"என்ன தேடுறீங்க?"

"உடைஞ்ச சில்லு."

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் கம்பியை உருட்டிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான்.

"தாவும்போது இடது கால் பிந்துது. நாளைக்கு அதைப் பார்ப்போம்."

அவர் தலையாட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால்மேல் கிடந்த கைகளை மூட வெகுநேரம் தோன்றவில்லை.