மலையில் அம்மா குடிக்காத தண்ணீர்

பசறை பஸ். எனக்கே தலை சுற்றும் வளைவு. அப்போதுதான் தங்கச்சி செல்வியின் போன்.

"அண்ணே, அம்மாவுக்கு மலையில மறுபடியும் தலை சுத்திருச்சு. தேயிலைச் செடியப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்களாம்."

தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்தாயிற்று. பிரஷர், சீனி எல்லாம் சரி. பிறகு ஏன் சுற்றுகிறது?

யோசனை அந்த வளைவிலேயே வந்துவிட்டது. அம்மாவை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் என்ன?

சிரிக்காதீர்கள். மனித உடம்பு இயங்குவதைக் கணக்குப் போட்டுக் காட்டும் சாப்ட்வேர் இருக்கிறது. இலவசம். உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து படிக்கலாம், மாற்றலாம். வயது, உயரம், எடை கொடுத்தால் போதும்... திரையில் ஓர் இதயம் துடிக்கும், சிறுநீரகம் வேலை பார்க்கும்.

ஞாயிற்றுக்கிழமை, பூனாகலையில் எங்கள் லயத்துக் காம்பரா, வரிசை வீட்டில் ஒற்றை அறை. கம்ப்யூட்டர் அம்மாவை ஏற்றம் ஏற வைத்தேன். வெயிலில் நிறுத்தினேன். கொழுந்து சுமக்க வைத்தேன். ரத்த அழுத்தக் கோடு சரியவே இல்லை. "இவளுக்குத் தலையே சுத்தலியே!" என்றேன்.

நிஜ அம்மா எட்டிப் பார்த்தார். "யாருடா இவ, என்னைய விடக் கெட்டிக்காரி?"

"நீதாம்மா."

"நானா? இவ மலையில தண்ணி குடிக்கிறாளா?"

"தாகம் எடுத்தா குடிப்பா."

"குடிச்சிட்டு எங்க போவா? அங்க கக்கூஸா கட்டி வச்சிருக்கு? காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போனா, வீடு வர்ற வரைக்கும் வாய நனைக்கிறதோட சரி."

"இத ஏம்மா டிஸ்பென்சரியில சொல்லல?" பக்கத்தில் இருந்த செல்வி கத்தினாள்.

"மருந்து குடுக்குறவரு கேக்கலியே."

சின்ன வயதில், அம்மா மலையிலிருந்து இறங்கும்போது போத்தலில் பாதித் தேத்தண்ணி மிச்சம் இருக்கும். ஆறிப்போய், இனிப்பாக... அதற்காக நானும் செல்வியும் ரோடு வளையும் முடக்கு வரை ஓடுவோம், அடித்துக்கொள்வோம். எங்களுக்காக மிச்சம் பிடித்தது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

சாப்ட்வேர் எழுதியவர்களுக்குச் சிறுநீரகம் தெரியும். கக்கூஸ் இல்லாத மலை தெரியுமா?

தண்ணீரைக் குறைத்து மறுபடி ஓட்டினேன். மத்தியானம் ஆவதற்குள் ரத்த அழுத்தக் கோடு சரிய ஆரம்பித்தது. இது நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆகாது. டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வாரம் அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அதற்கு முன், சனிக்கிழமை அந்தக் கோட்டை அச்சடித்து எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீஸ் படியேறி, மலையில் கக்கூஸ் கேட்கப் போகிறேன். கூடவே, தண்ணீர் குடிக்காமல் கொழுந்தெடுக்கும் பெண்ணையும் ஒரு கணக்காக எழுதி, சாப்ட்வேரில் சேர்க்கச் சொல்லி அதை எழுதியவர்களுக்கு அனுப்பவும் உத்தேசம்.

அம்மாவிடம் சொன்னேன்.

"அவள மெதுவா அனுப்பிக்கலாம். நீ மொதல்ல கக்கூஸக் கேளு!"