ஃபைன் போட்ட சாம்பல்

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் நான் வேபிரிட்ஜ் ஆபரேட்டர். லாரியை எடை போடுகிற வேலை. சாம்பல் லாரி வந்தால் லேபில் சாம்பிள் பார்ப்பார்கள். தூள் நைசாக இருந்தால்தான் இறக்க விடுவோம்.

அன்று வந்த டிரைவர் அந்தோணிக்குச் சாயங்காலம் வரதராசன்பேட்டையில் பெண் பார்க்கும் நிகழ்ச்சி. நாலு வரன் தட்டிப்போய் அமைந்தது இது. இஸ்திரி போட்ட சட்டை கேபினில் தொங்கியது.

செக்யூரிட்டி கலியபெருமாள் வாக்கிடாக்கியில் புது கெமிஸ்ட் பிரியாவைக் கேட்டார்.

"மேடம், சாம்பல் லாரி என்னாச்சுங்க?"

"ஃபைன்."

"ஃபைனா?"

"ஆமாண்ணே, ரொம்ப ஃபைன்."

லேபில் ஃபைன் என்றால் தூள் நைசாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கேட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஹெல்மெட் போடாதவன் கட்டுகிற அபராதம். கலியபெருமாள் லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"ரொம்ப ஃபைனாம். கட்டிட்டு வண்டிய எடு."

"நான் என்னண்ணே பண்ணேன்?"

"நீ பண்ணல. சாம்பல் பண்ணிருக்கும்."

அந்தோணி போனை அங்கேயே போட்டுவிட்டு லேபுக்கு ஓடினான். அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா கூப்பிட்டார். அவர் இங்கிலீஷ் வாத்தியார். கலியபெருமாள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ள எப்புடி இருக்காரு? இன்னும் காணமே?"

"ஃபைன்ல இருக்காருங்க."

"நல்லாத்தான இருக்காரு? அப்பறம் ஏன் வரல? எங்கள என்னான்னு நெனச்சாரு?" போன் கட்டாகிவிட்டது.

அந்தோணி பிரியாவோடு திரும்பி வந்தான். விஷயம் புரிந்ததும் பிரியா சிரித்தாள். சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

"ரெண்டு ஃபைனும் ஒரே லத்தீன் வார்த்தைலேர்ந்து வந்ததுதாண்ணே. முடிவுன்னு அர்த்தம். ஒரு வேல நேர்த்தியா முடிஞ்சாலும் ஃபைன், வழக்க முடிக்கப் பணம் கட்டுனாலும் ஃபைன்."

"எனக்கு எல்லாமே முடிஞ்சுபோச்சு மேடம்" என்று அந்தோணி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பாத்தியா, ரெண்டும் ஒண்ணுதான்னு மேடமே சொல்லிட்டாங்க. கட்டு" என்றார் கலியபெருமாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கொடுத்தேன். வாத்தியாரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வரச் சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கோம்" என்றார்.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வாக்கிடாக்கியில் 'இறக்கு', 'இறக்காதே' என்று மட்டும் சொல்லுங்கள். அகராதியைக் கேட்டுக்கு அனுப்பாதீர்கள்.

வாத்தியார் பெண்ணே அமைந்தது. அந்தோணி கேட்டில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தான், கலியபெருமாளைத் தவிர.

"ஏம்ப்பா, அவருக்கும் ஒண்ணு வச்சா என்ன?"

"வேணாம்ண்ணே. மண்டப வாசல்ல நின்னு வசூல ஆரம்பிச்சிடுவாரு."