சாம்பல்தீவிலிருந்து லிங்கநகர் வரை: அக்காவின் கண்ணைச் சந்தேகித்த ஒரு பயணம்

அக்கா பட்டப்பகலில், திருகோணமலை பஸ் நிலையத்தடியில் ஆடுமாடுபோல் திரியும் மான்களில் ஒன்றின் மேல் சைக்கிளை ஏற்றியதால்தான் இந்தப் பயணம். மானுக்கு ஒன்றுமில்லை. அக்காவுக்கு முழங்கால் போனது, எங்களுக்கு மானம் போனது. “பக்கத்தில நிண்டது தெரியேல்லை” என்றாள். பொழுதுபட்டால் கிணற்றடிக்குப் போகாமலிருக்க அவள் சொல்லும் அதே சாட்டு! அம்மா நம்பவில்லை; நான் அறவே நம்பவில்லை. கண்ணில் பிழையில்லை என்று டொக்டர் சொன்னால் பின்னேர வேலை முழுக்க இனி அக்கா தலையில் என்று அம்மா தீர்ப்புச் சொல்லி, காவலுக்கு என்னை அனுப்பினார்.

சனிக்கிழமை காலை 6.40க்குச் சாம்பல்தீவுச் சந்தி. தூரத்தில் வந்த பஸ்ஸின் பெயர்ப்பலகையை முதலில் வாசித்தது அக்காதான். சந்தேகத்துக்கு இது போதாதா? பஸ்ஸில் அவள் காதுக்கு நேரே டொபியை நீட்டினேன். திரும்பவேயில்லை.

“நல்லா நடிக்கிறாய்.”

“எதை?”

பெரிய நடிகைதான். நகரத்துக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவில் வரும். இருபத்தைந்து நிமிடம், ஆளுக்கு ஐம்பது ரூபா. அங்கிருந்து லிங்கநகரில் உள்ள தனியார் கண் கிளினிக்குக்கு ஓட்டோ.

“ஆருக்குக் கண் வருத்தம்?” என்றார் ஓட்டோக்கார அண்ணை.

“இவவுக்குத்தான். மான் தெரியாதாம்.”

“மீற்றர் முந்நூற்றி இருபது காட்டுது, அண்ணை” என்று அக்கா பின்னால் இருந்தபடியே வாசித்தாள்.

“தங்கச்சிக்கு என்ர கண்ணைவிட நல்ல கண்!”

நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

கிளினிக்கில் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்தாள். “பிடிபட்டாய்!” என்றேன். டொக்டர் என்னைக் கவனிக்காமல், “நேர என்ர மூக்கையே பாருங்கோ, பிள்ளை” என்றார்.

என்னிடம் கடைசி ஆயுதம் ஒன்று இருந்தது. நான் கண்ணிமையைப் புரட்டி, நாக்கை மூக்குவரை நீட்டினால், செத்தவீட்டிலும் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க ஏலாது. அவளின் வலப்பக்கம் நின்று அந்த முகத்தைக் காட்டினேன். உதடு அசையவில்லை. ஓரடி முன்னே போனேன். ம்ஹூம். கிட்டத்தட்ட டொக்டரின் தோளில் ஏறும் இடத்துக்கு வந்தபோதுதான் வெடித்துச் சிரித்தாள்.

“தம்பி, அதிலயே நில்லுங்கோ” என்றார் டொக்டர். ஏச்சு விழப்போகுது என்று நினைத்தேன். “அவவுக்குத் தெரியிற எல்லை அதுதான்.”

நீட்டிய நாக்கை உள்ளே எடுக்க மறந்துபோனேன்.

சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபிறகு வருத்தத்தின் பெயரும் சொன்னார்: ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. விழித்திரையின் ஓரங்களில் கருநிறம் படிந்து, பார்வைக் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றனவாம். முதலில் இருட்டில் தெரியாது, பிறகு ஓரம் தெரியாது. நடுவில் மட்டும், குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல், தெளிவு. அழிந்ததைத் திருப்பித் தரும் மருந்து அவரிடம் இல்லை. சைக்கிளும் இனி வேண்டாமாம்.

“இப்ப நம்புறியாடா?” என்று அக்கா கேட்டாள்.

“பரம்பரையிலயும் வரும். உங்கட கண்ணையும் பாப்பம்” என்றார் டொக்டர். எனக்கு இப்போதைக்குப் பிழையில்லை. ஆனாலும் வருடாவருடம் காட்டவேண்டும்.

போகிறவர்களுக்கு: சொட்டு மருந்தால் நாலைந்து மணிநேரம் பார்வை மங்கும், வெயில் குத்தும். கறுப்புக் கண்ணாடியும், கைபிடிக்க ஓர் ஆளும், கூடப்பிறந்தவர்களும் கட்டாயம். வீட்டில் எவராவது “தெரியேல்லை” என்றால், நக்கலடிக்க முதல் அவருக்குப் பக்கவாட்டில் ஒருமுறை நின்று பாருங்கள்.

திரும்பும்போது, பஸ் நிலையத்தில் அக்கா சத்தமில்லாமல் என் பக்கத்தில் வந்து, இமையைப் புரட்டி நாக்கை நீட்டினாள். சிரித்துவிட்டேன்.

அவள் நம்பவில்லை. “உண்மையாத் தெரிஞ்சதா, இல்லாட்டி எனக்காகச் சிரிச்சனியா?”

பஸ் வருவதற்குள் இன்னும் மூன்று தரம் சோதித்தாள்.