மூன்று கரையோடு ஒரு மரண அறிவிப்பு

ஜப்பானில் எங்கள் மயேபாஷி நகரில் முட்டை விலை குறைந்தால் ஊருக்கு முதலில் தெரிவிப்பவர் தோகியே சான்தான். இந்தப் பெண்மணி எங்கள் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சூப்பர் மார்க்கெட் நோட்டீஸ் வடிவமைக்கிறார். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று கரை கட்டுவார்: சிவப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளை, அதற்கு வெளியே மஞ்சள், அதற்கும் வெளியே கறுப்பு. கரையில்லாத எழுத்தைக் கண்டால், சட்டையில்லாமல் தெருவுக்கு வந்த ஆளைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன நவம்பரில் அந்தச் சூப்பர் மார்க்கெட் முதலாளி ஷியோபாரா இறந்துபோனார். மறுநாள் பதினொரு மணிக்குச் சடங்கு. காலை நாளிதழுக்குள் அறிவிப்பை வைத்து வீடு வீடாக அனுப்பச் சொன்னார்கள். தோகியே சான் பத்து நிமிடத்தில் முடித்தார். நாங்கள் மூன்று பேர் சரிபார்த்தோம். பெயர் சரி, நேரம் சரி, மண்டபத்தின் முகவரி சரி. ஆளுக்கொரு முத்திரை குத்தி அச்சுக்கு அனுப்பினோம்.

எங்கள் மென்பொருளுக்கு ஒரு கெட்ட பழக்கம். கடைசியாகத் தொட்ட எழுத்தின் அலங்காரத்தை அடுத்த எழுத்துக்கும் மாட்டிவிடும். தோகியே சான் கடைசியாகத் தொட்டது முட்டை. முதலாளியின் மரணம் சிவப்பில், மூன்று கரையோடு ஊரெங்கும் போய்ச் சேர்ந்தது. நான்கு பேரில் ஒருவர் கண்ணிலும் அது உறுத்தவில்லை. எங்களுக்கு அதுதான் சாதாரண எழுத்து. எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வீட்டார் ஒரு வார்த்தை குறை சொன்னால் தோகியே சானுக்கு வேலை கிடையாது என்றார் எங்கள் மேலாளர். எங்கள் முத்திரைகளைப் பற்றி அவர் பேசவில்லை, நாங்களும் நினைவுபடுத்தவில்லை. ஐம்பத்தாறு வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? தோகியே சான் கறுப்பு உடை உடுத்தி, மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் வாங்கும் விலையுயர்ந்த இனிப்புப் பெட்டியோடு கிளம்பினார். துணைக்கு நான் போனேன்.

மண்டபத்துக்கு வெளியே இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். இடத்தையும் நேரத்தையும் மட்டும் படித்துவிட்டு, ஏதோ தள்ளுபடி என்று பாதிப் பேர் துணிப்பையோடு வந்திருந்தார்கள். விஷயம் புரிந்த பிறகும் வரிசையை விட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை. பையை மடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சாம்பிராணி போட்டுக் கும்பிட்டார்கள்.

முதலாளியின் மனைவி மிட்சுயே அம்மாள் முன்னால் தோகியே சான் நெற்றி தரையில் படக் குனிந்தார். தப்பு முழுக்கத் தன்னுடையது என்றார். நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்தின் அறிவிப்பைக் கரையே இல்லாமல் கறுப்பில் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

அந்த அம்மாள் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தார்.

"வேணாம்மா, இதே மாதிரியே போடுங்க. யாருகிட்டயும் முகம் குடுத்துப் பேசாத மனுஷன் அவரு. கும்பிட நாலு பேராவது வருவாங்களான்னு நேத்தெல்லாம் அழுதுட்டே இருந்தேன்."