அத்தை ஜீப்பின் ஷாக் அப்சார்பர்

அத்தையின் ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து மலை ஏறியவர்கள் இறங்கியதும் நேராக நிற்க மாட்டார்கள். வாங்கி ஒரு வருஷம் முடியவில்லை. அதற்குள் பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்துவிட்டது. கம்பத்திலிருந்து மெட்டு மலைச்சாலை ஏறி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை நம்பித்தான் அந்த ஜீப் ஓடியது.

"இடுப்பெலும்பு எங்கன கெடக்குன்னு தேட வேண்டியிருக்கு மதினி" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக வேறு ஜீப்புக்கு மாறிக்கொண்டிருந்தார்கள்.

தேனி ஷோரூம் மேனேஜர் வாரண்டி செல்லாது என்றார். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதால் வந்த தேய்மானமாம். ஜீப்பை ஓட்டும் மாமா, "விடு, நம்மளே மாத்திக்கிருவோம்" என்றார். அத்தை விடவில்லை. வாரம் தவறாமல் போய் நின்றாள். காலாண்டு விடுமுறையில் ஒருநாள் அதே ஜீப்பில் என்னையும் கூட்டிப்போனாள்.

"அம்மா, மலை ரோட்டுல அத்தன பேர ஏத்துனா எந்த வண்டி தாங்கும்?"

"விக்கயில மலை ஏறும்னுதான சொன்னீக? மலை என்ன, தேனி பஸ் ஸ்டாண்டுக்குள்ளயா இருக்கு? பத்துப் பேருக்கு மேல நான் ஏத்துனதே இல்ல சார். மாத்திக் குடுங்க. அதுவரைக்கும் இங்கனதான் இருப்பேன்."

வாடிக்கையாளர்களுக்கான சோபாவில் போய் உட்கார்ந்தாள். ஜீப் பார்க்க வந்தவர்கள் அவளிடமே வண்டி எப்படி என்று விசாரித்தார்கள். அவர்களிடம் அத்தை பொய் சொல்லவில்லை. இன்ஜினை மனதாரப் புகழ்ந்தாள், பிரேக்கைப் புகழ்ந்தாள், அதன் பிறகு ஷாக் அப்சார்பருக்கு வந்தாள். சின்னமனூரிலிருந்து முன்பணத்தோடு வந்திருந்த ஒருவர், வீட்டில் கலந்துபேசிவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

மேனேஜர் எழுந்து வந்தார். "ஆத்தா, வண்டிய ஒர்க்‌ஷாப்புல விடுங்க. முதல்ல அந்த சோபாவ விடுங்க."

சாயங்காலம் புது ஷாக் அப்சார்பரோடு திரும்பினோம். ஜீப் பள்ளங்களில் மெத்தென்று இறங்கி ஏறியது. மாமா வழியெல்லாம் சீட்டியடித்தார். அத்தை பின்சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சேதி பரவி, மறுநாள் விடியும் முன்பே, வேறு ஜீப்புக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்திருந்தார்கள். பத்துப் பேர் ஏறியதும் அத்தை கதவருகே கையை நீட்டி மறித்துக்கொண்டாள்.

"என்ன மதினி, முந்தியெல்லாம் மடியில மடியில உக்காரவச்சு ஏத்துனவுக நீங்கதான?"

"மத்தவுக அடுத்த ட்ரிப்புல வாங்க."

மாமா ஸ்டியரிங்கில் தட்டி முணுமுணுத்தார். எனக்கும் கோபம்தான். ஜெயித்துவிட்டு வந்தவள், தோற்றுப்போன மேனேஜரின் பேச்சை எதற்காகக் கேட்கிறாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.