உருட்டிப் பார்க்காமல் வாங்கிய பில்லியர்ட்ஸ் கோல்

போன சனிக்கிழமை ஜொகூர் மாநிலத்துத் தங்காக் ஊரில் ஒரு துணிக்கடைக்குள் நின்றுகொண்டிருந்தேன். நான் காத்திருந்தது புடவைக்காக அல்ல, பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தடிக்கிற கோலுக்காக! அதுவும் செகண்ட் ஹேண்ட்.

துணிக்கடையில் ஏன் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. சொல்கிறேன்.

எங்கள் ஊர் லாபிஸில் நாங்கள் ஐந்து பேர் ஒரு பில்லியர்ட்ஸ் டீம். மற்ற நாலு பேருக்கும் சொந்தக் கோல் உண்டு. நான் மட்டும் நாங்கள் ஆடும் சென்டரில் கிடக்கிற பொதுக் கோலில் ஆடுவேன். தோற்றால், "கோல் வளைஞ்சிருக்கு லா" என்பேன். அடிக்கடி தோற்றேன்... அதனால் அடிக்கடி சொன்னேன். எங்கள் கேப்டன் மணியத்துக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, சொந்தமா ஒண்ணு வாங்கிருங்க. ஞாயித்துக்கிழமை சிகாமட் டீமோட மேட்ச். அதுலயும் தோத்தீங்கன்னா, இனிமே நீங்க ஸ்கோர் மட்டும் எழுதுங்க, போதும்."

ஸ்கோர் எழுதுவதா? நானா? வாரம் முழுக்க வேலை பார்க்கிற எனக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அந்த மேசைதான்.

புதுக்கோலின் விலையைப் பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு பழைய சாமான் விற்கிற ஆன்லைன் பக்கத்தில் தேடியபோது கிடைத்தது. 'ஒரே ஓனர். நேரான கோல். ஊர் பெக்கோக்.' படத்தில் பளபளவென்று இருந்தது.

இங்கேதான் என் மனைவி சுமதி உள்ளே வருகிறாள். ஒருமுறை ஆன்லைனில் மிக்சி ஆர்டர் செய்தவளுக்குத் தலையணை உறை வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பாதுகாப்பு அமைச்சர் அவள்தான்.

"முன்பணம் அனுப்பக் கூடாது. தனியா போகக் கூடாது. ஆள் நடமாட்டம் உள்ள எடத்துலதான் பாக்கணும். செக் பண்ணாம காசு எடுக்கவே கூடாது!"

எப்படி செக் பண்ணுவது? மணியம் சொல்லிக் கொடுத்திருந்தான். கோலின் இரண்டு துண்டையும் முறுக்கிச் சேர்த்து, சமமான மேசையில் உருட்டிவிட வேண்டும். அமைதியாக உருண்டால் நேர். நுனி எம்பி எம்பிக் குதித்தால் வளைவு.

சமமான நீள மேசைக்கு எங்கே போவது? சுமதி யோசிக்கவே இல்லை. "தங்காக் துணிக்கடை. அங்க கேமரா இருக்கு, ஏர்கோன் இருக்கு, துணி வெட்டுற மேசையும் இருக்கு." புடவையும் இருக்கு என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

விற்கிறவர் பெயர் தேவன். அவரும் மனைவியோடுதான் வந்திருந்தார். அவர் வேட்டிப் பக்கம், நாங்கள் ரவிக்கைத் துணிப் பக்கம். நடுவே பத்தடிகூட இருக்காது. ஆனாலும் போனில்தான் பேசிக்கொண்டோம்.

"நீங்க என்ன சட்டை?"

"நீலம். நீங்க?"

"மொதல்ல நீங்க கைய தூக்குங்க."

பாவம், அவருக்கும் என்னைப் பார்த்து பயம்! கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினோம். ஏதோ வேண்டும் போலிருக்கிறது என்று சேல்ஸ் பெண் ஓடி வந்தாள்.

கடைக்காரர் நல்ல மனுஷர். மேசையைக் காலி செய்து கொடுத்தார். கோலை முறுக்கிச் சேர்த்தேன். மேசைமேல் வைத்தேன். உருட்டக் கை நீட்டினேன்...

அந்த நேரம் பார்த்து, சும்மா நிற்க முடியாமல், சுமதி தேவனின் மனைவியிடம் கேட்டாள்: "பெக்கோக்ல நீங்க எந்த எஸ்டேட்?"

போச்சு. எல்லாம் போச்சு.

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த நம் ஆட்களிடம் இருக்கிற வியாதி இது. டாக்டர் ஊசியோடு நின்றாலும் அவர் எந்த எஸ்டேட் என்று தெரிந்தால்தான் கையை நீட்டுவோம். கேட்டால் சும்மா விடுவோமா? சொந்தம் கிடைக்கும்வரை தோண்டுவோம். கிடைக்காமல் போனதாகச் சரித்திரமே இல்லை.

"எங்க சின்னம்மாவ அங்கதான் கட்டிக் குடுத்தாங்க. மேல் லயத்து வீடு. பேரு சரோஜா" என்றாள் சுமதி, எஸ்டேட் பெயரைக் கேட்டதுமே.

தேவன் திரும்பினார். "அலமாக்! சரோஜா சித்தியா? எங்க சொந்த சித்தப்பா சம்சாரம் லா! அப்போ நான் உனக்கு அண்ணன் முறைம்மா!"

அடுத்த நொடி, "மச்சான்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

நான் மெல்ல மேசைப் பக்கம் நகர்ந்தேன். சுமதி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"என்ன பண்றீங்க?"

"உருட்டிப் பாக்கறேன்."

"அண்ணன் கொண்டாந்ததையா?!"

கோலைக் கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்தை ரசிப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பாதி தூரம் ஒழுங்காகப் போன கோல், அதற்குப் பிறகு மனசு மாறி இடது பக்கம் திரும்பியிருந்தது.

"எப்படி மச்சான்?"

"அருமை மச்சான்."

அடுத்து காசு. "மச்சான்கிட்ட காசு வாங்குவனா? எடுத்துட்டு போங்க!" என்றார். ஓசியில் வாங்குவது நமக்கு மரியாதையா? சுமதி விலையைக் கவரில் போட்டு, கல்யாண மொய்போல ஒரு ரிங்கிட் கூட வைத்து, அந்த அம்மாவின் கைப்பையில் திணித்தாள். அவர் திருப்பித் திணித்தார். கவர் கொஞ்ச நேரம் கடைக்காரர் கையில்கூட இருந்தது. கடைசியில் சுமதிதான் ஜெயித்தாள்.

ஆக, பழைய பொருளைச் சோதிக்காமல், வளைவு என்று தெரிந்தே, கேட்ட விலைக்கு மேல் கொடுத்து வாங்கிய ஆள் இந்த ஜொகூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கேமரா, கூட்டம், துணைக்கு ஆள்... எல்லாமே ஏமாற்றுக்காரனிடமிருந்து தப்பிக்கத்தான். சொந்தக்காரரிடமிருந்து தப்பிக்க யாராவது வழி கண்டுபிடித்திருக்கிறார்களா?

சரி, மேட்ச்சில் பொதுக் கோலையே எடுத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வாசலில் வைத்து தேவன் சொன்னார்: "நாளைக்கு மேட்ச்சாமே? தங்கச்சி சொல்லுச்சு. நாங்க வர்றோம் மச்சான். நம்ம கோலு ஆடுறத பாக்க வேணாமா?"

வந்தார்கள். முறுக்கு டின்னோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி, கடைசி ஆட்டம் என் தலையில் விழுந்தது. மேசையில் கறுப்புப் பந்து ஒன்றுதான் பாக்கி. குழிக்கு நேர் எதிரே நின்றது. போட்டால் ஜெயம். கோலின் வளைவுக்கு ஈடுகட்ட, கொஞ்சம் வலது பக்கம் குறி வைத்தேன்.

அடித்தேன். கறுப்புப் பந்து நின்ற இடத்திலேயே நின்றது. வெள்ளைப் பந்து போய்க் குழியில் விழுந்தது. அதோடு மேட்ச் போச்சு.

மணியம் ஸ்கோர் எழுதுகிற பேனாவை எடுத்து என் கையில் வைத்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. 'கோல் வளைஞ்சிருக்கு' என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அது உண்மையும்கூட!

வாயைத் திறந்தேன். அதற்குள் தேவன் எழுந்து வந்து என் தோளில் கைபோட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கோலு நல்ல கோலு. நம்ம மச்சானுக்குத்தான் ஆட்டம் பத்தல!"

தலையாட்டினேன். முறை என்று ஒன்று இருக்கிறதே!