எலுமிச்சை வாசமும் ஆக்டிவ் ஆக்சிஜனும்

பத்தொன்பது வருடமாகக் கோவையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் காற்றை அளந்து வருகிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள் படிப்பதற்காக இரண்டு அனுபவங்களை எழுதுகிறேன். முதலாவதை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வேன். இரண்டாவதை அப்படிச் சொல்ல இன்னும் பழகவில்லை.

1. ஷெட்டில் ஆவி

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்புக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு ஷெட். மதியமானால் கண் எரிகிறது என்று அரை மைல் தள்ளியிருந்த குடியிருப்பில் புகார். ஷெட்டு வாசலில் துகள் அளக்கும் மீட்டரை வைத்தேன், எண் அதிகமில்லை. குடியிருப்பில் வைத்தேன், வெயில் ஏற ஏற எண்ணும் ஏறியது. "ஷெட்டிலிருந்து ஆவி வெளியேறுகிறது" என்று தமிழில் சுருக்கமாக ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் போனால் ஷெட்டு வாசலில் பூசணிக்காய், எலுமிச்சம்பழம், மிளகாய் எல்லாம் தொங்குகின்றன. முதலாளி வேகமாக வந்தார்.

"ஏனுங் மேடம், படிச்சவங்க நீங்களே ஷெட்டுல ஆவி இருக்குதுன்னு எழுதிப்போட்டீங்க. ரெண்டு பெயின்டருங்க வேலைக்கே வரமாட்டேங்கறாங்க!"

"ஐயோ, அது தின்னர் ஆவிங்க!"

"அதையே எழுதறதுக்கென்னங்க? நான் பூசாரிக்கு வேற சொல்லியுட்டுட்டனுங்க."

சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "சரி, இங்க பொகையே இல்லீங்களே. அப்பறம் எப்படிங்க அங்க போயி தூசியாகும்?"

சொன்னேன். பெயின்டை இளக்கச் சேர்க்கும் தின்னரில் இருப்பது ஹைட்ரோகார்பன். வெளியே போகும்போது அது கண்ணுக்குத் தெரியாத வாயு. வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து காற்றில் ஓசோன் போன்ற சுறுசுறுப்பான பொருள்களை உண்டாக்குகின்றன. அவை இந்த வாயுவைத் தாக்கி அதில் ஆக்சிஜனை ஏற்றுகின்றன. ஆக்சிஜன் ஏறிய மூலக்கூறுகளில் சிலவற்றால் வாயுவாகவே இருக்க முடியாது. ஒன்றோடொன்று ஒட்டியும், ஏற்கெனவே மிதக்கும் தூசிமேல் படிந்தும் நுண்துகளாகிவிடுகின்றன. அதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் காற்று அதை அந்தக் குடியிருப்புக்குக் கொண்டுபோய்விடும்.

"அப்ப இங்க பொறந்து, அங்க போயி கல்யாணம் கட்டிக்குதுன்னு சொல்லுங்க."

இவ்வளவு எளிதாக நான் அதுவரை யாருக்கும் விளக்கியதில்லை. அன்றே தின்னர் டின்களுக்கெல்லாம் மூடி போட வைத்தார். பிறகு ஆவியை உறிஞ்சும் கரி ஃபில்டரும் மாட்டினார். பூசணிக்காயை மட்டும் கழற்றவில்லை.

2. என் வீடு

என் மகள் கயல் ஒன்பதாவது படிக்கிறாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். சென்ற ஆண்டு சிங்காநல்லூர் பக்கம் குடி வந்ததும் ரோட்டுப் புகைக்குப் பயந்துபோய்க் காற்றைச் சுத்தப்படுத்தும் மெஷின் ஒன்று வாங்கினேன். பெட்டியில் 'ஆக்டிவ் ஆக்சிஜன்' என்று போட்டிருந்தது. ஆக்சிஜன் என்ற சொல்லைப் பார்த்ததும் அம்மாவாக வாங்கிவிட்டேன். காற்றை அளக்கிறவளாக ஒரு வரி கூடப் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு துடைப்பது என் கணவர் வேலை. எலுமிச்சை வாசம் வரும் திரவத்தை ஒரு மூடி ஊற்றச் சொன்னால் மூன்று மூடி ஊற்றுவார். ஜன்னலைச் சாத்தி மெஷினைப் போட்டுவிடுவது என் வேலை. அப்படி ஒரு ஞாயிறு கயலுக்கு மூச்சு இழுத்தது. இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து முகமூடிக்கு மேலே அவள் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரத்தை என்னால் எழுத முடியாது.

மறு ஞாயிறு அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆபீஸ் மீட்டரைக் கொண்டுவந்தேன். மெஷினை மட்டும் போட்டேன்; எண் அசையவில்லை. அதை நிறுத்தி, காற்றாட விட்டு, துடைக்க மட்டும் சொன்னேன், கொஞ்சம்தான் ஏறியது. இரண்டையும் சேர்த்தபோது எண் ஏறிக்கொண்டே போனது.

"மீட்டரு கெட்டுப்போச்சா?" என்றார் கணவர்.

"மீட்டரு நல்லாத்தானுங்க இருக்குது. நாந்தான்."

மெஷினைக் கவிழ்த்து அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். ஆக்டிவ் ஆக்சிஜன் என்றால் ஓசோன். அதுவே நுரையீரலுக்கு ஆகாது. எலுமிச்சை வாசம் என்பது லிமோனீன், ஒரு ஹைட்ரோகார்பன். வெயிலும் வண்டிப் புகையும் வெளியே செய்கிற வேலையை மூடிய அறைக்குள் நானே காசு கொடுத்துச் செய்திருக்கிறேன்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மெஷினை நிறுத்துங்க. வாசம் வர்றது எதுவும் வேணாம். மருந்தை விட்றாதீங்க" என்றார். அடுத்த வாரங்களில் இருமல் குறைந்தது. மருந்தா, மெஷின் போனதா என்று ஒரு வீட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்ணை நான் கண்ணால் பார்த்தேன்.

கயலிடம் ஒப்புக்கொண்டேன். அவள், "அம்மா, ஊருக்கெல்லாம் ரிப்போர்ட் குடுக்கறீங்க. நம்மூட்டுக்கு ஒண்ணு குடுங்க. உள்ளுக்குள்ள ஆவி சுத்துதுன்னு எழுதிப்போடாதீங்க, அப்பா வேலை செய்ய மாட்டாரு" என்றாள்.

"நான் தெனமும் வெறுந்தண்ணியிலதான் தொடைக்கறேன் கண்ணு" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. அவர் துடைத்தது மாதத்தில் நான்கு ஞாயிறு.

புதியவர்களுக்கு இவ்வளவுதான். ஒரு இடத்தில் என்ன வெளியேறுகிறது என்று கேட்பது பாதி வேலை. வெளியேறியது அங்கே எதைச் சந்திக்கும் என்பதையும் கேளுங்கள். அடுத்தவர் ஷெட்டில் கேட்கிற கேள்விகளை உங்கள் வீட்டிலும் கேளுங்கள். அங்கே பயம் நம் கண்ணை மறைக்கும். இப்போதும் கயல் சேர்ந்தாற்போல் இரண்டு முறை இருமினால் உடனே எதையாவது வாங்கத் தோன்றும். எதையும் வாங்காமல் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.